சூப்பர்சார்ஜர் என்ஜினில் இக்னிஷன் டைமிங்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் பம்ப்) மாட்டிய என்ஜினில் என்ன கோளாறு வந்தாலும் கை முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குத்தான் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவி) போகும். தட்டுகிறதா, கொஞ்சம் ரிடார்ட், அதாவது பொறியைத் தாமதப்படுத்துவது. இழுவை இல்லையா, கொஞ்சம் அட்வான்ஸ், அதாவது பொறியை முன்கூட்டிக் கொடுப்பது. சாதாரண என்ஜினில் இப்படிக் காதை நம்பி ஓட்டிவிடலாம். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம்) ஏறும் என்ஜினில் முடியாது. தேவைக்கு மேல் அட்வான்ஸ் வைத்து முழு பூஸ்டில் சில விநாடி ஓட்டினாலே, பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கு நடுவே இருக்கும் விளிம்பு உடைந்துவிடலாம். சூப்பர்சார்ஜரின் ஊளையிலும் எக்ஸாஸ்ட் சத்தத்திலும் தட்டுகிற ஒலி காதில் விழாமலே போய்விடும்.

சிலிண்டருக்குள் அழுத்தம் அதன் உச்சத்தைத் தொடுவது, பிஸ்டன் மேலே போய்த் திரும்பி ஏறத்தாழ 15 டிகிரி இறங்கியிருக்கும்போது நடக்க வேண்டும். அப்போதுதான் இழுவை சரியாகக் கிடைக்கும். அமுக்கி அனுப்பிய கலவை அடர்த்தியானது, சூடானது, வேகமாக எரியக்கூடியது. அதனால் பொறியைத் தாமதமாகக் கொடுத்தால் போதும். வழக்கம்போல் முன்கூட்டிக் கொடுத்தால், பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் ஏறி, ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கிறது. நாக்கிங் என்பது அதுதான்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஐட்லிங்கில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) டைமிங் லைட் (பொறி வரும் கணத்தில் மின்னி, கிராங்கின் கோடு எங்கே இருக்கிறது என்று காட்டும் விளக்கு) காட்டும் எண்ணை வைத்து இந்த என்ஜினுக்கு டைமிங் வைக்காதீர்கள். முழு பூஸ்டில் மொத்தம் எத்தனை டிகிரி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஐட்லிங் எண் அதற்குப் பிறகு கழித்துப் பார்த்து வருவது.

எந்த அறிகுறியானாலும் முதலில் பூஜ்யத்தைச் சரிபாருங்கள்

கிராங்க் டேம்பரில் (கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) இருக்கும் பூஜ்யக் கோடு பொய் சொன்னால் அதற்குமேல் செய்வதெல்லாம் வீண். பழைய டேம்பரில் வெளி வளையத்தையும் நடு ஹப்பையும் ரப்பர்தான் பிடித்திருக்கிறது. அந்த ரப்பர் தளர்ந்தால் வளையம் நழுவி, கோடும் கூடவே நகரும். சூப்பர்சார்ஜர் பெல்ட் கிராங்கின் முன்முனையை இழுத்துக்கொண்டே இருப்பதால், இந்த என்ஜின்களில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லா பிளக்குகளையும் எடுத்துவிட்டு, 1-ம் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை வழியில் முட்டி நிறுத்தும் கம்பி) திருகுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில், பாயின்டருக்கு நேராக டேம்பரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்த் திசையில் சுற்றி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியான நடுப்புள்ளிதான் உண்மையான டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பழைய பூஜ்யம் அங்கே இல்லையென்றால், வளையம் நழுவியதா, பாயின்டர் வேறு என்ஜினுடையதா என்று பாருங்கள். நழுவிய டேம்பரை மாற்றித்தான் ஆக வேண்டும். புதுக்கோடு போட்டுச் சமாளித்தால் அது திரும்பவும் நழுவும்.

டேம்பரில் டிகிரி அளவு பொறித்திருக்காவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். விட்டத்தை 3.1416-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 8 அங்குல டேம்பரில் அது 1.77 மி.மீ., அதாவது 30 டிகிரிக்கு 53 மி.மீ. கோடு பொறித்த டேம்பரும் சாதாரண டைமிங் லைட்டும் இருந்தால் டயல் திருப்பும் லைட் தேவையே இல்லை. அதுவே நல்லது என்பேன். எம்.எஸ்.டி. போன்ற இக்னிஷன் பெட்டிகள் 3000 ஆர்.பி.எம்.-க்குக் கீழே ஒவ்வொரு முறையும் ஒரு பொறிக்குப் பதில் பல பொறிகளைக் கொடுக்கின்றன. டயல் லைட்டுகள் பல அதில் குழம்பித் தப்பான எண் காட்டும்.

அப்புறம், எங்கிருந்து தொடங்குவது? சூப்பர்சார்ஜர் இல்லாமல் அந்த என்ஜின் எத்தனை டிகிரியில் நன்றாக ஓடும் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பழைய வகை வி-8 என்றால் 34 முதல் 36 வரை இருக்கும். நான்கு வால்வு ஹெட் உள்ள என்ஜின்கள் வேகமாக எரிப்பதால் அவற்றுக்கு இதைவிடக் குறைவு. அதிலிருந்து ஒவ்வொரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) பூஸ்டுக்கும் ஒரு டிகிரி கழியுங்கள். 34-இலிருந்து 6 பி.எஸ்.ஐ.க்குக் கழித்தால் 28 வரும். முதல் ஓட்டத்துக்கு அதிலும் 2 முதல் 4 டிகிரி குறைத்து 24-26-இல் வையுங்கள். டைனோவிலோ (என்ஜினின் சக்தியை அளக்கும் கருவி) ஓட்டக்களத்திலோ வைத்து, ஒரே கியரில் 3000-இலிருந்து 5000 ஆர்.பி.எம். ஏற எடுக்கும் நேரத்தை அளந்து, 2 டிகிரி வீதம் கூட்டிப் பாருங்கள். நேரம் குறைவது நின்றதும் முந்தைய எண்ணுக்குத் திரும்பிவிடுங்கள். நாக்கிங் கேட்கும்வரை ஏற்றி, அப்புறம் கொஞ்சம் இறக்குவது என்ற பழைய பழக்கம் பூஸ்ட் என்ஜினைக் கொல்லும்.

முழு பூஸ்டில் தட்டுகிறது

அதிகம் வருவதும் அதிகம் சேதம் செய்வதும் இதுதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், காரணம் தெரியும்வரை திரும்ப அழுத்தாதீர்கள்.

முதலில் பிளக்குகளைக் கழற்றி உருப்பெருக்கியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், அல்லது மினுங்கும் சிறு உருண்டைகள் தெரிந்தால் நாக்கிங் உண்மை. மினுங்குவது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். ஒன்றும் இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டால், ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய் சட்டத்தில் உரசுகிறதா, சூப்பர்சார்ஜரின் பல்சக்கரங்கள் தேய்ந்து சடசடக்கின்றனவா என்று தேடுங்கள். நாக் சென்சார் உள்ள என்ஜினில் இந்தச் சத்தங்களையே நாக்கிங் என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் டைமிங்கைக் குறைத்துவிடும்.

உண்மையான நாக்கிங் என்றால் டைமிங்கைத் தொடுவதற்கு முன் பெட்ரோலைப் பாருங்கள். வைட்பேண்ட் சென்சார் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுவது) முழு பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் நடுவே காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டிக் காட்டினால் உங்கள் சிக்கல் கார்புரேட்டரிலோ பம்பிலோ இன்ஜெக்டரிலோ இருக்கிறது. அதை டைமிங் குறைத்து மறைத்தால் என்ஜின் சூட்டில் போகும். ஆக்டேனையும் (தட்டாமல் தாங்கும் பெட்ரோலின் திறனுக்கான எண்) கவனியுங்கள். ஒரே பெட்ரோலுக்கு ஒரு முறையில் 95 என்றும் இன்னொரு முறையில் ஏறத்தாழ 91 என்றும் எண் போடுகிறார்கள். யாரோ '91-இல் 30 டிகிரி ஓடுகிறது' என்று சொன்னால் எந்த 91 என்று கேளுங்கள்.

பெட்ரோல் சரி, கலவையும் சரி. இப்போது ரிடார்ட் பெட்டி. பூஸ்டுக்கு ஏற்ப டைமிங்கைக் குறைக்கும் பெட்டி இருந்தால், அதற்குப் போகும் ரப்பர் குழாய் கழன்றிருப்பதோ வெடித்திருப்பதோ சர்வசாதாரணம். வண்டியை ஓட்டாமலே சோதிக்கலாம். என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, அந்தக் குழாயில் கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. கொடுங்கள், லைட்டை அடியுங்கள். பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி என்று வைத்திருந்தால் கோடு 6 டிகிரி நகர வேண்டும். நகரவில்லையென்றால் உங்கள் என்ஜின் இத்தனை நாள் ரிடார்டே இல்லாமல் ஓடியிருக்கிறது. எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஐந்து நிமிட வேலை, ஒரு பிஸ்டனைக் காப்பாற்றும்.

கம்ப்யூட்டர் ஓட்டும் என்ஜினில் இதற்கு இணையான தவறு மேப் சென்சார், அதாவது மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் சென்சார். ஒரு பார் சென்சார் வெளிக்காற்று அழுத்தம்வரைதான், ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் வரைதான், அளக்கும். 6 பி.எஸ்.ஐ. பூஸ்டில் மேனிஃபோல்டில் 140 கிலோபாஸ்கல் இருக்கும். சென்சாருக்கு அது தெரியாது, கம்ப்யூட்டரும் பூஸ்ட் இல்லாத வரிசையிலிருந்தே டைமிங்கை எடுத்துக்கொடுக்கும். இரண்டு பார் சென்சார் போட்டு, அட்டவணையில் 100-க்கு மேற்பட்ட வரிசைகளையும் நிரப்புங்கள்.

இன்னொரு வகை: முதல் ஓட்டத்தில் தட்டாது, இரண்டு மூன்று முறை இழுத்தபின் தட்டும். இது காற்றின் சூடு. 30 டிகிரி செல்சியஸ் காற்றை, 60 சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜர் 7 பி.எஸ்.ஐ.க்கு அமுக்கினால் அது ஏறத்தாழ 90 டிகிரியாக வெளிவரும். இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி) இல்லாவிட்டால் அந்தச் சூடு அப்படியே சிலிண்டருக்குப் போகிறது. என்ஜின் குளிர்ந்திருந்த காலையில் வைத்த டைமிங் இங்கே செல்லாது. சூடேறிய நிலையில் தட்டாத எண்ணே உங்கள் எண். கம்ப்யூட்டர் இருந்தால் காற்றின் சூட்டுக்கு ஏற்பக் குறைக்கும் அட்டவணையைப் பயன்படுத்துங்கள்.

டைமிங்கை எவ்வளவு குறைத்தாலும் தட்டல் போகவில்லையா? அப்படியென்றால் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிறது. சிவந்து பழுத்த பிளக் முனை, கார்பன் படிவு, ஹெட்டிலோ பிஸ்டனிலோ கூர்மையான ஓரம், இவற்றில் ஒன்றுதான் காரணம். இதற்கு டிஸ்ட்ரிபியூட்டரில் மருந்து கிடையாது. வழக்கமான பிளக்கைவிட ஒன்று அல்லது இரண்டு படி குளிர்ந்த பிளக் போடுங்கள். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி. சாம்பியன், ஆட்டோலைட், பாஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடு. மாற்றிப் படித்தால் நிலைமை மோசமாகும்.

லேசாக அழுத்தும்போது மட்டும் தட்டுகிறது, முழு பூஸ்டில் இல்லை

வேக்யூம் அட்வான்ஸை (சுமை குறைவாக இருக்கும்போது காற்று உறிஞ்சலைப் பார்த்து அட்வான்ஸ் கூட்டும் டப்பா) சந்தேகியுங்கள். கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு மேலே இருக்கும் அமைப்பில், கார்புரேட்டரின் அடியில் எடுக்கும் வேக்யூம், மேனிஃபோல்டில் இருக்கும் உண்மையான சுமையைக் காட்டாது. த்ராட்டில் பாதி திறந்திருக்கும்போது மேலே நல்ல வேக்யூம் இருக்கும், கீழே சூப்பர்சார்ஜர் காற்றை நிரப்பிக்கொண்டிருக்கும். அட்வான்ஸ் டப்பா மேலே பார்த்து 10 டிகிரி கூட்டும், சிலிண்டர் கீழே இருக்கும் சுமையை அனுபவிக்கும். குழாயைக் கழற்றி வாயை அடைத்து ஓட்டிப் பாருங்கள். தட்டல் நின்றால், சிக்னலைச் சூப்பர்சார்ஜருக்குக் கீழே மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். பூஸ்ட் அந்த டப்பாவின் டயாஃப்ரத்தைக் கிழிக்காதபடி நடுவில் ஒரு ஒருவழி வால்வு வையுங்கள். வேக்யூம் அட்வான்ஸை முழுதாக எடுத்துவிடுவதும் தப்பில்லை. நெடுஞ்சாலையில் பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது உதைக்கிறது

ஸ்டார்ட்டர் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, சில சமயம் எதிர்த்து உதைக்கிறது. பேட்டரியும் கேபிளும் நன்றாக இருந்தால், காரணம் தொடக்க டைமிங் அதிகம் என்பதுதான். அட்வான்ஸை வேகத்தோடு மாறாதபடி முழுதாகப் பூட்டி வைத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். மொத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் ரிடார்ட் செய்யும் வசதி பல இக்னிஷன் பெட்டிகளில் இருக்கிறது, அதை இணையுங்கள். அது இல்லையென்றால், முதலில் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அப்புறம் இக்னிஷனைத் தரும் தனி ஸ்விட்ச் போதும்.

ஐட்லிங்கில் சூடேறுகிறது, ஹெடர் சிவக்கிறது

இது நேர் எதிர்க் கோளாறு. பூஸ்டுக்குப் பயந்து டிஸ்ட்ரிபியூட்டரையே திருப்பி மொத்தத்தை 26-க்குக் கொண்டுவந்திருப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகம் கூடக்கூட விரியும் எடைகள் கூட்டும் அட்வான்ஸ் 24 டிகிரி என்றால் ஐட்லிங்கில் மிஞ்சுவது வெறும் 2. கலவை தாமதமாகப் பற்றி, எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூடு ஹெட்டுக்கும் ரேடியேட்டருக்கும் ஹெடருக்கும் போகிறது. ரேடியேட்டரை மாற்றினாலும் தீராது.

தீர்வு, எடைகளின் பங்கைக் குறைப்பது. நிறுத்தும் புஷ்ஷைப் பெரிதாகப் போட்டு அதை 12 டிகிரிக்கு அடக்குங்கள். மொத்தம் 28 வேண்டுமென்றால் தொடக்கம் 16 கிடைக்கும். சூப்பர்சார்ஜர் என்ஜினுக்கு ஐட்லிங்கில் 14 முதல் 18 வரை பெரும்பாலும் பிடிக்கும். எடைகளும் புஷ்ஷும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதால், அங்கே ஒரு டிகிரி என்பது கிராங்கில் இரண்டு டிகிரி. சில உற்பத்தியாளர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள், சிலர் மற்றதை. லைட்டில் பார்த்துதான் நம்ப வேண்டும். எடைகள் முழுதாக விரிவது 2500 முதல் 3000 ஆர்.பி.எம்.-க்குள் முடியட்டும். ஸ்பிரிங் மிகவும் லேசாக இருந்தால் ஐட்லிங்கிலேயே அட்வான்ஸ் தொடங்கிவிடும். அப்போது தொடக்க எண் ஒவ்வொரு முறையும் மாறி மாறித் தெரியும்.

பூஸ்ட் இருக்கிறது, தட்டவில்லை, ஆனால் இழுவை இல்லை

ரிடார்ட் பெட்டியில் இருக்கும் குமிழைப் பாருங்கள். சில பெட்டிகளில் அதைப் பி.எஸ்.ஐ.க்கு 3 டிகிரி வரை திருப்பலாம். 8 பி.எஸ்.ஐ. ஓட்டுபவர் பாதுகாப்பு என்று நினைத்து அதைக் கடைசிவரை திருப்பினால் 24 டிகிரி போய்விடும். 32-இல் தொடங்கி 8-இல் நிற்கும். என்ஜின் சோம்பும், எக்ஸாஸ்ட் வால்வு வெந்துபோகும். முன்னே சொன்ன கைப்பம்பு சோதனையே இங்கேயும்.

பூஸ்ட் ஏறியதும் மிஸ்ஸிங் அடிக்கிறது

இது பெரும்பாலும் டைமிங் இல்லை, ஆனால் டைமிங்தான் என்று நினைத்து எல்லாரும் அதைத் திருப்புவார்கள். அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பிளக் இடைவெளியை 0.65 முதல் 0.75 மி.மீ.க்குக் குறையுங்கள். அதோடு போய்விட்டால் சந்தோஷம்.

போகவில்லையென்றால் ரோட்டரை (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்புக்குள் சுற்றி, ஒவ்வொரு முனையத்துக்கும் பொறியைக் கொடுக்கும் கை) பாருங்கள். ரிடார்ட் பெட்டி பொறியைத் தாமதிக்கும்போது, அந்த நேரத்துக்குள் ரோட்டர் நகர்ந்துவிடுகிறது. அதன் முனை கேப்பில் உள்ள முனையத்தைத் தாண்டிப் போயிருந்தால், பொறி அடுத்த முனையத்துக்குத் தாவலாம். பழைய கேப் ஒன்றில், 1-ம் முனையத்துக்குப் பக்கத்தில் துளை போட்டு மாட்டி, லைட்டை அந்தத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். ரிடார்ட் இல்லாதபோதும் முழு ரிடார்டிலும் ரோட்டர் முனை முனையத்துக்கு எதிரிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், திருப்பி வைக்கக்கூடிய ரோட்டர் போடுங்கள்.

லைட்டில் கோடு நிற்காமல் ஆடுகிறது

லைட்டின் கிளாம்ப் பக்கத்து ஒயரைத் தொடுகிறதா, அதன் அம்பு பிளக்கைப் பார்த்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பொறி எப்போது வர வேண்டும் என்று சொல்லும் பிக்கப் சென்சாரின் ஒயர். காந்த பிக்கப்பின் இரண்டு ஒயர்களும் மாறியிருந்தால் என்ஜின் ஓடும், ஆனால் டைமிங் தாறுமாறாக இருக்கும், வேகம் கூடக்கூட நகரும். கம்ப்யூட்டர் என்ஜினிலும் கிராங்க் சென்சாருக்கு இதே கதை. கம்ப்யூட்டரில் டைமிங்கை 15 என்று பூட்டிவிட்டு, ஐட்லிங்கிலும் 4000-லும் லைட் அடியுங்கள். இரண்டிலும் 15 தெரிய வேண்டும். வேகத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினால் அது மின்தாமதம். 6000 ஆர்.பி.எம்.-இல் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 36 டிகிரி சுற்றுகிறது, 0.1 மில்லி விநாடி தாமதமே 3.6 டிகிரி. அதைச் சரிசெய்யும் அமைப்பு கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ரோட்டர் அசையத் தொடங்கும்வரை எத்தனை டிகிரி வெறுமனே போகிறது என்று பார்த்தால் செயினின் நிலை தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது

இங்கே நிறுத்துங்கள். இன்னொரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 6-71 போன்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், ஜி.எம்.சி.யின் டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜினுக்கு வெறும் காற்றைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. மேலே கார்புரேட்டர் வைத்துவிட்டால், மேனிஃபோல்டிலிருந்து சூப்பர்சார்ஜர் கூடுவரை எங்கும் பற்றக்கூடிய கலவைதான். உள்ளே ஒரு தீப்பொறி போனால் முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கும். சூப்பர்சார்ஜருக்குள் சுற்றும் ரோட்டர்கள் வளையலாம், கூடு பிளக்கலாம், பானெட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடிக்கலாம். அழுத்தத்தை வெளியே விடும் ஸ்பிரிங் வால்வு மேனிஃபோல்டில் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

பிளக் ஒயர்களின் வரிசையைப் பாருங்கள். பழைய ஸ்மால் பிளாக் செவ்ரோலெட் என்றால் 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்துப் பொறி வாங்குபவை. இரண்டின் ஒயர்களும் ஒட்டி இணையாகப் போனால், 5-க்குப் போகும் வோல்டேஜ் 7-இன் ஒயரில் தூண்டப்பட்டு, 7-இல் 90 டிகிரி முன்னதாகவே பொறி வரும். ஒயர்களைப் பிரித்து, குறுக்காகக் கடக்கும்படி வையுங்கள். ஒயர் சரியென்றால், கலவை மெலிந்திருக்கிறதா, இன்டேக் வால்வு சரியாக மூடுகிறதா என்று கம்ப்ரஷன் சோதனையோடு பாருங்கள். டைமிங் கடைசி.

சரிசெய்த பிறகு கொஞ்ச நாளில் திரும்ப வருகிறது

டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் நழுவியிருக்கலாம். போல்ட்டை இறுக்கும்போதே இரண்டு டிகிரி நகர்வதும் உண்டு. இறுக்கிய பிறகு லைட்டை மறுபடி அடித்துப் பாருங்கள், அடிப்பகுதியும் பிளாக்கும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறி வையுங்கள். கோடு நகரவில்லையென்றால் பெல்ட்டை யோசியுங்கள். தளர்ந்து நழுவிய பெல்ட்டோடு 5 பி.எஸ்.ஐ. காட்டிய என்ஜின், பெல்ட்டை இறுக்கியதும் 7 காட்டும். அதற்கு 5-க்கு வைத்த டைமிங் அதிகம். சின்ன புல்லி போட்டாலும் இதேதான். பூஸ்ட் மீட்டரில் எண் மாறிய ஒவ்வொரு முறையும் 2 முதல் 4 டிகிரி இறக்கி வைத்துவிட்டு, வைட்பேண்டைப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, அங்கிருந்து திரும்ப ஏறுங்கள்.